ஒப்படைத்த தகவல், காக்கும் கடமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினெட்டு ஆண்டுகளாகத் தரவுத்தளங்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். முன்பின் தெரியாத மனிதர்களின் முகவரி, நோய், கடன், சம்பளம் எல்லாம் என் திரையில் வரிசை வரிசையாக வந்து நின்றிருக்கின்றன. அந்த வரிசைகளுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு என்னைத் தெரியாது. நானோ அவர்களில் யாரைப் பற்றி வேண்டுமானாலும் சில நொடிகளில் தெரிந்துகொள்ளலாம். இந்த ஏற்றத்தாழ்வை நினைத்துத் தூக்கம் கெட்ட இரவுகள் உண்டு. நண்பர்களும் உறவினர்களும் உடன் வேலை செய்பவர்களும் இது பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

தனிநபர் தகவல் என்றால் பெயரும் தொலைபேசி எண்ணும்தானே?

ஒருவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டக்கூடிய எதுவும் தனிநபர் தகவல்தான். உங்கள் கைப்பேசி இரவில் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் வீடு தெரிந்துவிடும். பகலில் இருக்கும் இடம் வேலையிடத்தைச் சொல்லிவிடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அது புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய் வருகிறது என்றால், அதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி, தன் பயனர்கள் ஓடிய பாதைகளையெல்லாம் ஒரே உலக வரைபடத்தில் ஒளிக்கோடுகளாக வரைந்து 2017 நவம்பரில் வெளியிட்டது. அதில் ஒரு பெயர்கூட இல்லை. ஆனால் ஆளரவமற்ற பாலைவனத்தின் நடுவே ஒளிர்ந்த கோடுகள் ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகள் என்பதை இரண்டே மாதங்களில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

தாளில் எழுதி வைத்த காலத்திலும் இதே தகவல்கள் இருந்தனவே. கணினிக்கு மாறியதும் என்ன புதிதாக வந்துவிட்டது?

தாளுக்கு இயல்பாகவே சில தடைகள் இருந்தன. கோப்பைப் பார்க்க ஆள் நேரில் வர வேண்டும். லட்சம் கோப்புகளைத் திருட லாரி வேண்டும். இரண்டு அலுவலகங்களின் பதிவேடுகளை ஒப்பிட ஒருவர் மாதக்கணக்கில் உட்கார வேண்டும். மை மங்கும், பூச்சி அரிக்கும், இடம் போதாமல் பழைய கட்டுகளை எரித்துவிடுவார்கள். யாரும் திட்டமிடாமலே மனிதர்களுக்கு மறதி என்ற பாதுகாப்பு கிடைத்துக்கொண்டிருந்தது.

இப்போது கோடிப் பேரின் விவரங்களை நகம் அளவுள்ள அட்டையில் எடுத்துக்கொண்டு போகலாம். நகலெடுத்த பிறகும் மூலம் இருந்த இடத்திலேயே இருப்பதால், பறிபோனது உரியவருக்குத் தெரிவதே இல்லை. இயற்கை போட்டு வைத்திருந்த தடைகள் போய்விட்டன. அவற்றை இனி நாம்தான் யோசித்து, செலவழித்து, ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டும். பல நிறுவனங்கள் சேமிப்பதற்குக் காட்டும் ஆர்வத்தில் பாதியைக்கூட இதற்குக் காட்டுவதில்லை.

என்னிடம் மறைக்க எதுவும் இல்லை. நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் நேர்மையானவர்கள். அதனால் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் நெதர்லாந்தில் மிகச் சீரான மக்கள் பதிவேடு இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அதில் மதமும் குறிக்கப்பட்டிருந்தது. கேட்ட அதிகாரிகளுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. சொன்ன மக்களிடமும் மறைக்க எதுவும் இல்லை. 1940 மே மாதம் நாஜி ஜெர்மனி அந்த நாட்டைப் பிடித்தது. அட்டைகள் அப்படியே கைமாறின. அங்கு வாழ்ந்த சுமார் 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மேற்கு ஐரோப்பாவின் பிற நாடுகளில் உயிர்தப்பியவர்களின் விகிதம் இதைவிட அதிகம். இந்த வேறுபாட்டுக்குப் பல காரணங்கள் உண்டு. பதிவேட்டின் துல்லியம் அவற்றில் ஒன்று.

அந்த அட்டைகள் எவ்வளவு ஆபத்தானவை என்பது அங்கிருந்தவர்களுக்கே தெரிந்திருந்தது. 1943 மார்ச் 27 இரவு, எதிர்ப்பியக்கத்தைச் சேர்ந்த சிலர் போலீஸ் உடையில் ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்துக்குள் நுழைந்து அட்டைகளுக்குத் தீ வைத்தார்கள். எரிந்தது ஒரு பகுதிதான். அதற்காகப் பன்னிரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு தகவல் தொகுப்பை அழிப்பதற்காக மனிதர்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை என் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆக்கிரமிப்பு அரசுகள்தான் இப்படிச் செய்யும் என்று சொல்லவும் வழியில்லை. 1942இல் அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டபோது, அவர்கள் எந்தெந்தப் பகுதிகளில் செறிந்து வாழ்கிறார்கள் என்பதைக் காட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரங்கள் உதவின. கணக்கெடுப்பாளரிடம் உண்மையைச் சொன்னதைத் தவிர அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை.

‘மறைக்க எதுவும் இல்லை’ என்று சொல்லும்போது, இன்றைய அரசையும் இன்றைய நிறுவனத்தையும் இன்றைய சட்டத்தையும் மனத்தில் வைத்துத்தான் சொல்கிறோம். ஆட்சி மாறும், நிறுவனம் விலைபோகும், சட்டம் திருத்தப்படும். சேமித்த தகவல் அப்படியே இருக்கும்.

‘சம்மதிக்கிறேன்’ என்று நானே அழுத்தினேன். அப்படியானால் குற்றம் என்னுடையதுதானே?

நாற்பது பக்க நிபந்தனைகளைச் சிறிய எழுத்தில் காட்டி, சம்மதிக்காவிட்டால் சேவையே கிடையாது என்று சொல்லிப் பெறும் ஒப்புதலை நான் ஒப்புதலாக மதிப்பதில்லை. மறுக்க முடிந்தவர் தரும் சம்மதத்துக்குத்தான் பொருள் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் தரும் சம்மதம் உங்களோடு நிற்பதில்லை. ஒரு செயலி உங்கள் தொடர்புப் பட்டியலைக் கேட்கிறது, நீங்கள் அனுமதிக்கிறீர்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் முந்நூறு பேரிடம் யார் கேட்டார்கள்? தேர்தல் பிரசாரங்களுக்கு ஆலோசனை சொல்லிவந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா நிறுவனத்தின் விவகாரத்தில் நடந்தது இதுதான். ஆளுமைச் சோதனை என்ற பெயரில் வந்த செயலியை ஃபேஸ்புக்கில் நிறுவியவர்கள் ஏறத்தாழ 2,70,000 பேர். அவர்களின் நண்பர்கள் வழியாக 8.7 கோடிப் பேர் வரை விவரங்கள் சென்றிருக்கலாம் என்று 2018இல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. அந்தக் கோடிக்கணக்கானவர்கள் எதையும் அழுத்தவில்லை.

பெயரை நீக்கிவிட்டுச் சேமித்தால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன். என்னை மாற்றியது லட்டான்யா ஸ்வீனி செய்த வேலை. 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ச்சிக்காகக் கொடுத்தார்கள். பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டார்கள். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகியவை அப்படியே இருந்தன. அப்போது மாணவியாக இருந்த ஸ்வீனி, 20 டாலர் கொடுத்து கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை வாங்கினார். அதிலும் அதே மூன்று விவரங்கள் இருந்தன, கூடவே பெயரும் இருந்தது. இரண்டையும் பொருத்திப் பார்த்து, மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவையே தனியே பிரித்து எடுத்துவிட்டார். அமெரிக்க மக்களில் 87 சதவீதத்தினரை இந்த மூன்று விவரங்களை மட்டும் வைத்துத் தனியாக இனங்காண முடியும் என்று பிறகு கணக்கிட்டும் காட்டினார்.

2006இல் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனம் சுமார் 6,50,000 பயனர்கள் தேடிய சொற்களை, பெயர்களுக்குப் பதிலாக எண்களை இட்டு வெளியிட்டது. சில நாட்களிலேயே செய்தியாளர்கள் அந்த எண்களில் ஒன்றுக்கு உரிய மூதாட்டியின் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவர் தேடிய ஊர், குடும்பப்பெயர், நோய் மூன்றும் சேர்ந்தால் அவருக்கு வேறு அடையாள அட்டை எதற்கு?

பெயர் நீக்குவது வீணான வேலை என்று சொல்லவில்லை. தேவைதான், ஆனால் போதாது. பிறந்த தேதிக்குப் பதிலாக வயதுப் பிரிவை வைப்பது, தனி வரிகளை வெளியிடாமல் கூட்டுத்தொகைகளை மட்டும் தருவது, புள்ளிவிவரங்களில் கணக்கிட்ட அளவு சிறு பிசகுகளைக் கலப்பது போன்ற முறைகள் இருக்கின்றன. கடைசியாகச் சொன்ன முறையை அமெரிக்கா தன் 2020 கணக்கெடுப்பில் பயன்படுத்தியது. ‘பெயர் இல்லை, எனவே ஆபத்து இல்லை’ என்று எழுதிய அறிக்கையைப் பார்த்தால், எழுதியவர் இரண்டு பட்டியல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

நல்ல தொழில்நுட்பப் பாதுகாப்பு இருந்தால் போதாதா?

பாதுகாப்பு இல்லாமல் அறம் பேசிப் பயனில்லை. கடவுச்சொற்களை அப்படியே சேமிக்கக் கூடாது. திரும்ப வாசிக்க முடியாத வடிவத்துக்கு மாற்றித்தான் வைக்க வேண்டும். ‘மறந்துவிட்டேன்’ என்று அழுத்தியதும் உங்கள் பழைய கடவுச்சொல்லையே ஒரு தளம் மின்னஞ்சலில் அனுப்பினால், அங்கிருந்து உடனே வெளியேறுங்கள்.

ஆனால் பாதுகாப்பு உடைவதும் பெரும்பாலும் அலட்சியத்தால்தான். 2017இல் அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. திருடர்கள் நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் மாதமே வெளிவந்திருந்தது. அதை நிறுவாமல் விட்டார்கள், மே மாதம் திருடர்கள் நுழைந்தார்கள். என்னை அதிகம் உறுத்துவது வேறொரு விஷயம். அது கடன் வரலாறுகளைத் திரட்டி விற்கும் நிறுவனம். பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அதன் வாடிக்கையாளர்களே இல்லை. தாங்கள் ஒருபோதும் ஒப்படைக்காத இடத்திலிருந்து அவர்களின் தகவல் களவுபோனது.

வெளித் திருடர்களைத் தடுத்துவிடலாம். வேலியே பயிரை மேய்ந்தால்?

இது வேலியில் நிற்பவனிடம் கேட்கும் கேள்வி, எனவே நேராகவே சொல்கிறேன். முன்பு ஓர் இடத்தில் வேலை செய்தபோது, புதிய மென்பொருளைச் சோதித்துப் பார்க்க உண்மையான தரவுத்தளத்தின் முழு நகலைக் கேட்டார்கள். ஏராளமான நோயாளிகளின் விவரங்கள். ‘சோதனைக்குத்தானே, அவசரம்’ என்றார்கள். கொடுத்துவிட்டேன். எட்டு மாதங்களுக்குப் பிறகு அந்த நகல், வேலையை விட்டுப் போன ஒருவரின் மடிக்கணினியில் கிடந்தது தெரியவந்தது. தீங்கு எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. அந்த நோயாளிகள் யாருக்கும் யாரும் தெரிவிக்கவும் இல்லை. அதற்கு நானும் வாய்மூடி உடன்பட்டேன் என்பது இன்றுவரை என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

அன்றிலிருந்து சோதனைக்குக் கற்பனையாக உருவாக்கிய விவரங்களைத் தவிர வேறு எதையும் தருவதில்லை. எவருடைய பதிவை யார், எப்போது திறந்தார்கள் என்பது தானாகவே குறிக்கப்பட வேண்டும். அந்தக் குறிப்பை மாற்றும் அதிகாரம் என் போன்ற நிர்வாகிகளிடமே இருக்கக் கூடாது. என்னை நம்ப வேண்டிய அவசியமே இல்லாதபடி ஓர் அமைப்பைக் கட்டினால்தான் அது உங்களுக்குப் பாதுகாப்பு.

‘கணக்கை அழி’ என்று அழுத்தினால் உண்மையில் அழிகிறதா?

பல இடங்களில் அழிவதில்லை. தரவுத்தள அட்டவணையில் ‘அழிக்கப்பட்டது’ என்று ஒரு கட்டம் இருக்கும். நீங்கள் அழுத்தியதும் அந்தக் கட்டத்தில் 0 என்பது 1 ஆக மாறும். உங்கள் வரி அங்கேயே இருக்கும், திரையில் மட்டும் தெரியாது. உண்மையாகவே அழித்தாலும் நேற்றைய காப்புநகலில் இருக்கும், யாரோ ஒருவர் அறிக்கை தயாரிக்க எடுத்த எக்செல் கோப்பில் இருக்கும், நிறுவனம் பகிர்ந்துகொண்ட மூன்றாம் தரப்பிடம் இருக்கும்.

திருமணத்துக்கு வெளியே உறவு தேடுவோருக்கான ஆஷ்லி மேடிசன் தளம், 19 டாலர் கட்டினால் முழுவதும் அழித்துத் தருவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டது. 2015இல் தளத்தின் தரவுகள் திருடப்பட்டு வெளியானபோது, பணம் கட்டியவர்களின் விவரங்களும் அதில் இருந்தன. அந்தத் தளத்தைப் பற்றி உங்களுக்கு எந்தக் கருத்தும் இருக்கலாம். வாக்குக் கொடுத்துவிட்டு மீறியது வாக்கு மீறல்தான்.

அரசுகளும் விதிவிலக்கில்லை. மறுபடியும் நெதர்லாந்து. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற பல்லாயிரக்கணக்கான பெற்றோர் மோசடிக்காரர்கள் எனத் தவறாக முத்திரை குத்தப்பட்டார்கள். வாங்கிய தொகையை முழுவதும் திருப்பிக் கட்டச் சொன்னதால் குடும்பங்கள் நொடிந்தன. 2021 ஜனவரியில் இதன் காரணமாக அரசே பதவி விலகியது. நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் விசாரித்தபோது, 2014இலேயே நீக்கியிருக்க வேண்டிய இரட்டைக் குடியுரிமைக் குறிப்பு, 2018இல் இன்னும் 14 லட்சம் பேருக்கு அழிக்கப்படாமல் இருந்தது தெரிந்தது. விண்ணப்பதாரரின் குடியுரிமையைச் சந்தேகத்துக்கான அளவுகோல்களில் ஒன்றாகவும் பயன்படுத்தியிருந்தார்கள். அழிக்க வேண்டியதை அழிக்காமல் விட்டால், என்றாவது ஒருநாள் யாராவது அதற்கு ஒரு பயன் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இவ்வளவு ஆபத்து என்றால் மருத்துவமனைகள் கணினியில் எதையும் சேமிக்காமல் இருப்பதே நல்லதா?

கூடாது. நினைவிழந்து கொண்டுவரப்படும் ஒருவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற ஒரு வரி அவர் உயிரைக் காப்பாற்றும். அந்த வரியைச் சேமிக்காமல் விடுவதும் அறப்பிழைதான். சேமிப்பதை எதிர்ப்பவன் என்று என்னை யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஆனால் மருத்துவத் தகவலின் கனம் வேறு. ஃபின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளவியல் சிகிச்சை நிறுவனத்தின் பதிவுகள் களவுபோயின. 2020 அக்டோபரில், மிரட்டியவன் நிறுவனத்தோடு நிற்காமல் நோயாளிகளுக்கே தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பினான்: பணம் தராவிட்டால், சிகிச்சையாளரிடம் நீங்கள் மனம் திறந்து சொன்னவற்றை வெளியிடுவேன். பதிவுகள் பல்லாயிரம் பேருடையவை. கடன் அட்டை எண்ணை மாற்றிக்கொள்ளலாம். சிறுவயதில் தனக்கு நேர்ந்த கொடுமையை ஒருவர் எப்படி மாற்றிக்கொள்வார்?

கைரேகை, முகம், மரபணு?

கடவுச்சொல் கசிந்தால் வேறொன்று வைக்கலாம், கைரேகைக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2015இல் தெரியவந்த அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத் தரவுத் திருட்டில் 56 லட்சம் பேரின் கைரேகைகள் போயின. அவர்கள் ஆயுள் முழுவதும் அதே விரல்களோடுதான் வாழ வேண்டும்.

மரபணு இன்னும் சிக்கலானது, ஏனென்றால் அது ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை. 2023இல் 23அண்ட்மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனத்தில் திருடர்கள் நேரடியாக நுழைந்தது சுமார் 14,000 கணக்குகளில்தான். உறவினர்களைக் கண்டுபிடிக்கும் வசதி வழியாக 69 லட்சம் பேரின் விவரங்களைப் பார்த்துவிட்டார்கள். 2025 மார்ச்சில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனபோது, எச்சில் மாதிரி அனுப்பியவர்களின் மரபணுத் தகவலும் விலைபேசப்படும் சொத்துகளில் ஒன்றானது. பாதுகாக்கத் தந்த பொருளைக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கு வைக்கலாமா? வைக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சட்டங்கள் என்ன சொல்கின்றன?

உலகின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலம் 1970இல் இயற்றியது. தன்னைப் பற்றிய தகவலைத் தானே தீர்மானிக்கும் உரிமை மனிதருக்கு உண்டு என்று ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம் 1983இல் தீர்ப்பளித்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இல் ஒருமித்துச் சொன்னார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. கசிவு தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும், பெரிய மீறலுக்கு உலக வருவாயில் 4 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது அது. உங்கள் நாட்டுச் சட்டம் எதுவாயினும், அது குறைந்தபட்ச எல்லை மட்டுமே.

நான் ஒரு சிறிய அமைப்பு நடத்துகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

படிவத்திலிருந்து. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் முன்னோர். வாங்கும்போதும் அதே அளவு வேண்டும். பதினெட்டு வயது ஆகிவிட்டதா என்று மட்டும் தெரிய வேண்டுமானால் பிறந்த தேதியைக் கேட்காதீர்கள். அடையாள அட்டையைச் சரிபார்க்க வேண்டுமானால் பார்த்துவிட்டு, ‘பார்த்தாயிற்று’ என்று குறித்தால் போதும், நகல் எதற்கு? ‘பிற்பாடு உதவும்’ என்பதற்காக ஒரு கட்டம் சேர்க்கத் தோன்றினால், அதையே முதலில் நீக்குங்கள்.

வாங்கும் ஒவ்வொரு விவரத்துக்கும் என்றைக்கு அழிப்பீர்கள் என்ற தேதியை அன்றே எழுதிவையுங்கள். உறுப்பினர் பட்டியலை எல்லோருக்கும் மின்னஞ்சலில் சுற்றுக்கு விடாதீர்கள். ஐந்து பேருக்கு ஒரே கடவுச்சொல் என்ற பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். கசிந்துவிட்டால் மறைக்காமல் உரியவர்களுக்கு உடனே சொல்லுங்கள். அவர்கள் கோபப்படுவார்கள். அந்தக் கோபத்தைக் கேட்டுக்கொள்வதும் காப்பவரின் வேலையில் அடங்கும்.

ஒரு நிறுவனம் என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறது என்று கேட்க முடியுமா?

பல நாடுகளில் சட்டப்படியே முடியும். ஐரோப்பிய விதிப்படி பொதுவாக ஒரு மாதத்துக்குள், கட்டணமின்றிப் பதில் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள். என்ன வைத்திருக்கிறீர்கள், எதற்காக, யாரோடு பகிர்ந்தீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்று நான்கு வரி போதும். வரும் பதிலில் தவறு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். உங்களை நிரூபிக்க இன்னும் பத்து ஆவணம் கேட்டால், ஏற்கெனவே அவர்களிடம் இருப்பதைக் கொண்டே சரிபார்க்கச் சொல்லுங்கள். இப்படி ஒரு கடிதம் வந்த பிறகுதான் பல அலுவலகங்கள் தம்மிடம் இருப்பதையே முதன்முறையாக எண்ணிப் பார்க்கின்றன. நானே அப்படி எண்ணியிருக்கிறேன்.

இறந்தவர்களின் தகவல் என்னவாகும்?

ஐரோப்பிய ஒழுங்குமுறை உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும். மற்றதை ஒவ்வொரு நாடும் தனித்தனியே முடிவுசெய்ய விட்டுவிட்டது. கூகுள், ஃபேஸ்புக் போன்ற சேவைகளில் உங்களுக்குப் பின் கணக்கை யார் பார்க்கலாம், அல்லது அழித்துவிட வேண்டுமா என்று இப்போதே குறித்துவைக்க வசதி இருக்கிறது. என் தந்தை அப்படி எதுவும் குறிக்கவில்லை. அவர் மின்னஞ்சல் பெட்டியின் கடவுச்சொல் ஒரு துண்டுத்தாளில் எனக்குக் கிடைத்தது. திறக்கலாமா என்று அவரிடம் கேட்க வழியில்லை. அதனால் திறக்கவில்லை.